வெள்ளிக்கிழமையைத் தின்ற சின்ன பி

“உங்க ஆளுங்க இருநூத்தி எண்பத்தாறு பேருமே லேட்டும்மா” என்றார் சபேசன் சார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். என் ஒரு கையில் டெலிபோன் ரிசீவர், இன்னொரு கையில் பாதி கடித்த மசால் வடை. ஒருத்தர் இரண்டு பேர் லேட் என்றால் புரிந்துகொள்ளலாம். ஓர் ஊரே ஒட்டுமொத்தமாக எப்படி லேட்டாகும் என்று எனக்கு விளங்கவில்லை.

“கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. உங்க ஃபைல் அத்தனையிலயும் திங்கட்கிழமைன்னு இருக்கு. எல்லாரையும் அடுத்த வருஷ லிஸ்ட்ல போட்டுடறேன்” என்றார். சென்னைத் தலைமை அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் மனிதர்களுக்கே வரக்கூடிய நிதானம் அவர் குரலில் இருந்தது.

லிஸ்ட் என்று அவர் சொன்னது கண் ஆபரேஷன் லிஸ்ட்டை. திங்கட்கிழமை என்று வந்ததற்குக் காரணம் நான். அதுவும் ஒரே ஓர் எழுத்தை வேண்டாம் என்று நான் தூக்கிப் போட்டதால்.

பென்குயின் வந்தது

சுனாமி வந்த அடுத்த கோடை அது. அந்த வருடம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆட்டுக்குட்டிகளைவிட அறக்கட்டளை ஜீப்புகள் அதிகம் மேய்ந்தன. பாய் கொடுத்தார்கள், பாத்திரம் கொடுத்தார்கள், ஒரு கோஷ்டி வந்து எல்லோருக்கும் கம்பளி கொடுத்தது. மரக்காணத்துச் சித்திரை வெயிலில் கம்பளியை வாங்கியவர்கள் அதை ஆட்டுக்குக் கீழே விரித்தார்கள். ஆடும் படுக்க மறுத்தது.

எங்கள் அறக்கட்டளை மட்டும் கொஞ்சம் யோசித்திருந்தது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கண் கெட்டுப்போகும். தரை முழுக்க வெள்ளை, மேலே வெயில், உப்புத்தண்ணீர் வேறு தெறிக்கும். நாற்பது வயதுக்குள் பலருக்குக் கண்ணின் ஓரத்திலிருந்து சதை வளர்ந்து கருவிழிமேல் ஏறிவிடும். அதை இலவசமாக எடுத்துவிடுகிறோம், பெயரைப் பதிவு செய்யுங்கள் என்றது அறக்கட்டளை. பதிவு செய்யும் வேலைக்கு என்னைப் பிடித்தார்கள். பெருமுக்கல்காரி, திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவள், வயது இருபத்து நாலு, வாய் நீளம். கடைசித் தகுதியை அவர்கள் பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

மைக்செட் முனுசாமி அண்ணன் தன் கடையைத் தட்டி வைத்துப் பிரித்து, பாதியை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். இந்தப் பக்கம் நான் டெலிபோன் லைனில் சென்னையைப் பிடிக்கப் போராடுவேன். அந்தப் பக்கம் அவர் “ஒன், டூ, த்ரீ, மைக் டெஸ்டிங்” என்பார். என் மோடமும் அவர் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் கீச்சிட்டால் வெளியே நாய்கள் எழுந்து இடம் மாறும்.

கம்ப்யூட்டர்கள் இரண்டு. ஏதோ கம்பெனி கழித்துப்போட்ட பழைய பெட்டிகள். உள்ளே எல்லோரும் பயன்படுத்துகிற விண்டோஸ் கிடையாது, பென்குயின் படம் போட்ட லினக்ஸ். மவுஸை நகர்த்தினால் ஒன்றும் நடக்காது. கறுப்புத் திரையில் கட்டளையை டைப் அடிக்க வேண்டும். அதை மாட்டிக் கொடுக்க வந்த தாடிக்காரர் ஒரே நாள் இருந்தார். காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் ஒரு வரி எழுதி மானிட்டரில் ஒட்டினார். “எல்லா வேலையும் முடிஞ்சதும் இதை அப்படியே அடிங்க. எதையும் மாத்தாதீங்க” என்று சொல்லிவிட்டுப் புதுச்சேரி பஸ் ஏறினார்.

எதையும் மாற்றாதே என்று என்னிடம் சொன்னவர்கள் யாரும் இதுவரை நன்றாக இருந்ததில்லை.

அனுப்புநர், பெறுநர்

அந்த வரி எஸ்.சி.பி. என்று ஆரம்பிக்கும். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு ஃபைலை நகல் எடுத்து அனுப்பும் கட்டளை. பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதியவர்களுக்கு அது கஷ்டமே இல்லை. முதலில் அனுப்புநர், பிறகு பெறுநர். எங்கிருந்து என்பதை முன்னால் போட வேண்டும், எங்கே என்பதைப் பின்னால் போட வேண்டும். ‘ஐயா, வணக்கம்’ மட்டும்தான் பாக்கி.

நடுவில் சில எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மைனஸ் குறி. மைனஸ் ஆர் என்றால் ஃபோல்டரை அதற்குள் இருக்கும் அத்தனையோடும் அனுப்பு என்று அர்த்தம். கல்யாணப் பத்திரிகையில் ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்று போடுவோமே, அதேதான். அது இல்லாவிட்டால் ஃபோல்டர் வாசலிலேயே நின்றுவிடும். பெரிய சி போட்டால் சுருக்கி மடித்து அனுப்பும். எங்கள் டெலிபோன் லைனுக்கு அது உயிர். பெரிய பி போட்டு ஒரு நம்பர் கொடுத்தால், அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ளும்.

இவை தவிர சின்ன பி என்று ஒன்று இருந்தது. அது என்ன செய்கிறது என்று தாடிக்காரர் சொல்லவில்லை. நான் சோதித்துப் பார்த்தேன். அது இருந்தாலும் ஃபைல் போய்ச் சேர்ந்தது, இல்லாவிட்டாலும் போய்ச் சேர்ந்தது. எங்கள் வீட்டில் வேலை செய்யாமல் சாப்பிடுகிறவர்களை எங்கள் அப்பா ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையோடு நான் சின்ன பியை எடுத்துவிட்டேன். தாடிக்காரரைவிட நான் கெட்டிக்காரி என்று இரண்டு நாள் எனக்குள் ஒரு மிதப்பு வேறு.

இருநூற்று எண்பத்தாறு பேரும் மதியவேளையில்தான் வருவார்கள். விடியுமுன் அளத்துக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் குவித்துவிட்டு, காலில் வெள்ளை படிந்தபடியே வருவார்கள். முனுசாமி அண்ணனின் நீலத் தார்ப்பாயைப் பின்னால் கட்டிப் படம் எடுப்பேன். வெயிலுக்குச் சுருக்கிச் சுருக்கிப் பழகிய கண்கள் நிழலிலும் திறக்காது. படங்களைப் பார்த்தால் ஊரே நின்றுகொண்டு தூங்குவது போல இருக்கும். ஆளுக்கு ஒரு ஃபோல்டர், அதில் விண்ணப்பம் ஒன்று, படம் ஒன்று.

மஞ்சள் புடவை

அவர்களில் பாதிப் பேரை அனுப்பி வைத்தவள் அஞ்சலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். அளத்தில் அவளோடு வேலை செய்கிற பெண்களுக்கு அவள்தான் தலைவி மாதிரி. எல்லோரும் ஒரே நாளில் கிளம்பினால் வேலை நின்றுபோகும் என்று தினம் நாலு நாலு பேராக அனுப்பினாள். ‘நீங்க எப்ப வர்றீங்க?’ என்று கேட்டால், கடைசியில் வருகிறேன் என்பாள். அவள் வலது கண்ணில் சதை முக்கால்வாசி மூடியிருந்தது. இடது கண்ணிலும் ஆரம்பித்திருந்தது. வாய் மட்டும் எந்தத் திரையும் விழாமல் தெளிவாக இருந்தது. என்னை ‘கம்ப்யூட்டரு’ என்றுதான் கூப்பிடுவாள்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி வரை. அதை முனுசாமி அண்ணன் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி, மூன்று நாள் ஊர் முழுக்க அறிவித்திருந்தார்.

அதே வெள்ளிக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அம்மா காலையிலேயே மஞ்சள் பட்டுப்புடவையைக் கட்டி அனுப்பிவிட்டாள். மூன்று மணிக்கு மேல் ஈ காக்கை வரவில்லை. இனி யார் வரப்போகிறார்கள் என்று நாலரைக்குப் பூட்டிவிட்டு, திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்துப் பெருமுக்கல் போய்விட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் கேசரி சாப்பிட்டார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள். பொண்ணு பென்குயின் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறாள் என்று அப்பா பெருமையாகச் சொன்னதும், மாப்பிள்ளையின் மாமா, தன் செல்போனில் ரிங்டோன் ஏற்றித் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிப் போனார்கள். இன்றுவரை போடவில்லை.

திங்கட்கிழமை காலையில் நான் பூட்டைத் திறக்கும்போது அஞ்சலை படியில் உட்கார்ந்திருந்தாள்.

“வெள்ளிக்கிழமை வந்தேன். பூட்டு தொங்குது” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மன்னிப்புக் கேட்பது அப்போது என் பழக்கத்தில் இல்லை. கரண்ட் போய்விட்டது அக்கா, அதனால்தான் சீக்கிரம் பூட்டினேன் என்று ஒரு பொய்யைச் சொன்னேன்.

“கரண்ட்டு இல்லையா? பக்கத்துல முனுசாமி மைக் டெஸ்ட் பண்ணிக்கினு இருந்தானே” என்றாள். அவ்வளவுதான். தேதி முடிந்துவிட்டது, நான் என்ன செய்ய முடியும் என்று நான் சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள். படியின் விளிம்பு தெரியாமல் காலால் தடவித் தடவி இறங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போய், மோடத்தின் துருப்பிடித்த முனையை ரப்பரால் தேய்த்து, சின்ன பி இல்லாத என் சுருக்கமான கட்டளையை அடித்து, இருநூற்று எண்பத்தாறு பேரையும் சென்னைக்கு அனுப்பினேன்.

வேலை செய்யாத எழுத்தின் வேலை

இப்போது செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பலாம். வடை இன்னும் கையில் இருக்கிறது.

விண்ணப்பத்துக்கு உள்ளேயே தேதி டைப் அடித்திருக்கிறேனே சார் என்று கெஞ்சினேன். டைப் அடிப்பது மனுஷங்க, அவங்க எந்தத் தேதி வேண்டுமானாலும் அடிப்பாங்க என்றார். ஊரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன் என்றேன். ஊர் அப்படித்தான் சொல்லும் என்றார்.

“ஃபைலுக்குக் கம்ப்யூட்டர் தானா ஒரு தேதி போடுது பாருங்க, அதான் எனக்குக் கணக்கு. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா.”

கடைசியில் அவரே ஒரு படி இறங்கி வந்தார். எங்கள் கம்ப்யூட்டரில் பழைய தேதி இருந்தால், அந்தத் தேதியோடு ஃபைல்களை நாளை மதியம் பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும். வந்தால் பார்ப்பார். வராவிட்டால் அடுத்த வருடம்.

ஃபைல்களைப் பார்த்தேன். என் பெட்டியில் ஒவ்வொன்றும் டைப் அடித்த நாளின் தேதியோடு ஒழுங்காகத்தான் இருந்தது. அங்கே போய் இறங்கும்போதுதான் எல்லாம் திங்கட்கிழமை ஆகியிருக்கிறது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது எதிரே காலண்டர் தாள். அதில் சின்ன பி.

பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு ஒரு ஃபைலை என் கட்டளையில் அனுப்பிப் பார்த்தேன். அங்கே போய் இன்றைய தேதியைப் போட்டுக்கொண்டது. தாடிக்காரர் எழுதியபடி சின்ன பியோடு அனுப்பினேன். பழைய தேதி அப்படியே போய் இறங்கியது. ஃபைலோடு அதன் பிறந்த நாளையும் பத்திரமாக எடுத்துப் போவதுதான் சின்ன பியின் வேலை. சத்தமில்லாமல் அது செய்த வேலை என் கண்ணில் படவில்லை. இருநூற்று எண்பத்தாறு பேரின் கண்ணைவிட என் கண்தான் அன்றைக்கு மோசமாக இருந்தது.

உடனே அனுப்பியிருக்கலாம். மோடத்தில் நம்பரைக்கூடப் போட்டுவிட்டேன். அப்போது படியைக் காலால் தடவி இறங்கிய அஞ்சலை ஞாபகத்துக்கு வந்தாள். லைனைத் துண்டித்தேன்.

தேதியைக் காப்பாற்ற ஓர் எழுத்து இருந்தால், தேதியை மாற்றவும் ஏதாவது இருக்கத்தானே வேண்டும்? தாடிக்காரர் விட்டுப்போன புத்தகத்தைப் புரட்டினேன். இருந்தது. டச் என்று பெயர். மைனஸ் டி போட்டு எந்த நாள், எந்த மணி என்று சொன்னால், ஃபைல் மறுபேச்சு பேசாமல் அந்தத் தேதியைப் போட்டுக்கொள்ளும். சபேசன் சாரின் பொய் சொல்லாத கம்ப்யூட்டர் பொய் சொல்ல ஒரே வரிதான் தேவைப்பட்டது.

பாத்தியில் ஒரு படம்

புதன்கிழமை முதல் பஸ்ஸில் வந்து, கேமராவோடு நேராக அளத்துக்குப் போனேன். பத்து மணிக்கு முன் அஞ்சலை வேலையை விட்டு வர மாட்டாள். அதன் பிறகு அழைத்து வந்து டைப் அடித்தால் லைனுக்கு நேரம் போதாது. எங்கள் லைன் இத்தனை பேரையும் தூக்கிக்கொண்டு சென்னை போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் எடுக்கும்.

வெயில் அப்போதுதான் எழுந்திருந்தது. பாத்திக்கு நடுவில் அஞ்சலை நின்றுகொண்டு நீளக் கம்பு மாட்டிய பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் என் செருப்பு வழுக்கி, முழங்கால் வரை உப்புத்தண்ணீரில் இறங்கினேன். அங்கிருந்த பெண்கள் எல்லோரும் மனதாரச் சிரித்தார்கள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அஞ்சலை பலகையை நிறுத்தவில்லை.

“திங்கக்கிழமை முடிஞ்ச தேதி, இன்னிக்கு எப்பிடி முடியாமப் போச்சு?”

சென்னையில் ஒரு சிக்கல் அக்கா, எல்லோரையும் மறுபடி அனுப்பச் சொல்கிறார்கள் என்றேன். வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்றும் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று உடனே வருந்தினேன்.

“நாலரை இருக்கும். ரோட்டுக்கு அந்தாண்ட வரும்போதே யாரோ மஞ்சளா ஒருத்தி பூட்டிக்கினு இருந்தா. நீதானோன்னு நெனச்சேன். கண்ணு சரியாத் தெரியல. வேற யாரையாவது கூப்புட்டு அசிங்கப்பட வேணாம்னு வுட்டுட்டேன். ஆறு மணி வரைக்கும் உக்காந்து பாத்துட்டுப் போயிட்டேன்.”

நான்தான் அது என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. இத்தனை நீள வாய் எதற்கு என்று அன்று நினைத்தேன். கேமராவை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். அது நல்ல மறைப்பு. அஞ்சலை உப்புக்குவியல் பக்கத்தில், பலகையைப் பிடித்தபடி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். எடுத்தேன்.

அலுவலகத்துக்கு ஓடி வந்து டைப் அடித்தேன். விண்ணப்பத்துக்கு ஒரு டச், படத்துக்கு ஒரு டச். அனுப்பப் போகும் நேரத்தில் ஃபோல்டருக்கும் தேதி உண்டே என்று ஞாபகம் வந்து அதற்கும் ஒரு டச். மூன்றுக்கும் வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி முப்பது. அது அவள் வந்த நேரம்தான்.

சின்ன பியைப் போட்டு அனுப்பினேன். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசி ஃபைல் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டே காலுக்கு டெலிபோன் மணி அடித்தது.

முன்பு இருநூற்று எண்பத்தாறு பேர் இருந்தார்கள், இப்போது இருநூற்று எண்பத்தேழு ஆகிவிட்டதே என்று கேட்டார் சபேசன் சார். முதல் தடவை லைன் கட்டாகி ஒருவர் விட்டுப்போய்விட்டார் சார் என்றேன். அந்தப் பக்கம் மவுஸ் கிளிக் ஆகிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு படமாகப் பார்க்கிறார் என்று புரிந்தது.

“இந்தம்மா மட்டும் ஏம்மா வெளியில நிக்கறாங்க? மத்தவங்க எல்லாம் நீலத் துணிக்கு முன்னாடி இருக்காங்க?”

என் இதயம் முனுசாமி அண்ணனின் ஸ்பீக்கரில் போட்டதுபோல அடித்தது. சாயங்காலம் ஆனதால் ரூமில் வெளிச்சம் போதவில்லை சார், அதனால் வெளியே எடுத்தேன் என்றேன். வெளியே என்றால் கடைக்கு வெளியே என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மரக்காணத்தில் கடைவாசலில் உப்பு குவிந்திருக்கும் என்றும் நம்பியிருக்க வேண்டும்.

“தேதி கரெக்டா இருக்கு. வெள்ளிக்கிழமை நாலரை. சரிம்மா” என்றார். எல்லோரும் லிஸ்ட்டில் ஏறினார்கள்.

அவர் வாயிலிருந்து அந்த நாலரை வந்தது என்னைக் குத்தியது. போனை வைத்துவிட்டு அழுதேன். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து முனுசாமி அண்ணன், மாப்பிள்ளை வீட்டுக் கடிதம் வந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு டீ வாங்கி வந்து வைத்தார்.

நாலரை மணி

அடுத்த மாதம் இரண்டு பஸ்களில் ஏற்றிச் சென்னைக்குக் கூட்டிப் போனார்கள். கண்ணைச் சுருக்கியபடி போனவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பினார்கள். சில நாள் மரக்காணம் பஸ் நிலையத்தில் நின்றவர்கள் எல்லோரும் சினிமா வில்லன்கள் மாதிரி இருந்தார்கள். அஞ்சலைக்கு முதலில் வலது கண் முடிந்தது. தையல் பிரித்தாயிற்று, நன்றாகத் தெரிகிறதாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவள் மட்டும் என் பக்கம் வரவில்லை.

நானும் திருந்திவிடவில்லை. இப்படிப்பட்ட கதைகளில் எழுதுகிறவர் திருந்திவிடுவது வழக்கம். எனக்கு அடுத்த வரனே வந்துவிட்டது. பிரம்மதேசத்துப் பையன், விவசாயம், சொந்த டிராக்டர். அன்றைக்கும் அம்மா அதே மஞ்சள் புடவையைக் கட்டி அனுப்பினாள். அடுத்த வருட லிஸ்ட்டுக்குப் பதிவு நடந்துகொண்டிருந்தது, அன்றைக்கும் மதியத்துக்கு மேல் யாரும் வரவில்லை. பையைத் தோளில் மாட்டி, வெளியே வந்து, பூட்டில் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். முனுசாமி அண்ணன் வாசலில் இரண்டு ஸ்பீக்கரை நிறுத்தி மைக் டெஸ்ட் செய்துகொண்டிருந்தார்.

அந்த மைக்கையும் அமுக்கிக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏ கம்ப்யூட்டரு! மணி நாலரைதான் ஆவுது!”

அஞ்சலை. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்குமேல் ஏற்றிவிட்டு, ரோட்டின் அந்த ஓரத்தில் நின்றாள். கண்ணைச் சுருக்காமல், தடவாமல், என்னை நேராகப் பார்த்தாள். புடவையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

முனுசாமி அண்ணன் மைக்கை அணைத்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திண்டிவனம் பஸ் வந்தது, நின்றது, எனக்காக ஒரு ஹாரன் அடித்தது, போய்விட்டது.

நான் சாவியைத் திருப்பிப் பூட்டைத் திறந்தேன். உள்ளே போய் ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அஞ்சலையும் எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தாள். ஆறு அடித்ததும் எழுந்து, “இப்ப பூட்டு” என்றாள்.